ஒரு நாளைக்கு 3,000 ரூபாயில் பாரிஸா? ரீல்ஸ் சொல்லாத ஐரோப்பிய பட்ஜெட் கணக்கு!

'ஒரு நாளைக்கு வெறும் 3,000 ரூபாய்ல பாரிஸ் சுத்தலாம் மக்களே!' - இப்படி ஒரு ரீல் உங்க போன்லயும் வந்திருக்கும். பின்னணியில் ஈஃபிள் டவர், கையில் ஒரு குரோசான்ட், முகத்தில் சிரிப்பு. பார்த்ததும் ஆவடி ஸ்டேஷன் பிளாட்ஃபார்மில் நின்றபடியே ஃபிளைட் டிக்கெட் விலையைத் தேடத் தோன்றும். தப்பே இல்லை. வெள்ளானூரில் கல்லூரி முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓ.எம்.ஆரிலோ முதல் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு, ஐரோப்பா இன்று எட்டாக் கனி கிடையாது.

ஆனால், அந்த 3,000 ரூபாய்க் கணக்கு உண்மையா? கடந்த இரண்டு மூன்று வருடங்களில் யூரோவின் விலை, விசா கட்டணம், நகரங்களின் சுற்றுலா வரி, மியூசியம் டிக்கெட் என எல்லாமே மாறிவிட்டன. பழைய கணக்கை நம்பிக் கிளம்பினால் மூன்றாம் நாளே ஊருக்கு போன் போட்டு, 'அம்மா, கொஞ்சம் பணம் அனுப்பு' என்று கேட்க வேண்டியிருக்கும். அதைவிட மோசம், ஊர் திரும்பிய பிறகு இரண்டு வருடம் இ.எம்.ஐ கட்டுவது. எனவே, இப்போதைய நிலவரம் என்ன, ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதல் அடி... யூரோ!

2025-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு யூரோ 90 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அதே ஆண்டின் நடுவில் 100 ரூபாயைத் தாண்டியது. அதன்பிறகும் ஏறுமுகம்தான். அங்கே ஒரு காபியின் விலை ஒரு சென்ட்கூட ஏறாமல் இருந்தாலும், நமக்கு மட்டும் அது ஏறிவிடுகிறது.

இதனால்தான் முதல் விதி: பட்ஜெட்டை ரூபாயில் போடாதீர்கள், யூரோவில் போடுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை ரூபாய்க்கு மாற்றுங்கள். மாற்றும்போது இன்றைய ரேட்டைவிடச் சில ரூபாய் கூட வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் புக் செய்வது இன்று, செலவு செய்யப்போவதோ ஐந்து மாதம் கழித்து. அன்றைக்கு ரேட் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் கணக்குக்கு 1 யூரோ = 110 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் கணக்குப் போடும் நாளில் உள்ள ரேட்டைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடி... 'கூட்டம் போதும்' என்கிற நகரங்கள்!

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கு இப்போது சுற்றுலாப் பயணிகள் வருமானமும்தான், தலைவலியும்தான். வாடகை ஏறுகிறது, தெருவில் நடக்க முடியவில்லை என்று உள்ளூர் மக்கள் போராடுகிறார்கள். அதற்கு நகர நிர்வாகங்கள் கண்டுபிடித்த வழி, வருகிறவர்களிடம் கூடுதல் காசு வாங்குவது.

* ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் தங்குமிடக் கட்டணத்தில் 12.5 சதவிகிதம் சுற்றுலா வரி. 100 யூரோ ரூம் என்றால் 12.50 யூரோ தனியாகப் போகும். இது போதாதென்று நெதர்லாந்து அரசு 2026 ஜனவரி முதல், ஹோட்டல் ரூம்களுக்கான மதிப்புக்கூட்டு வரியை 9-லிருந்து 21 சதவிகிதமாக ஏற்றிவிட்டது.

* வெனிஸ், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024 ஏப்ரல் 25 அன்று. கூட்டமான சில நாள்களுக்கு மட்டும் 5 யூரோ. 2025 முதல், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ.

* ரோமில் ட்ரெவி நீரூற்றுக்கு அருகே இறங்கிப் பார்க்க, 2026 பிப்ரவரி முதல் வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ.

* பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் டிக்கெட் 22 யூரோவாக இருந்தது. 2026 ஜனவரி முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் நமக்கெல்லாம் 32 யூரோ. அதாவது, மோனலிசாவைப் பார்க்க 3,520 ரூபாய். ரீல்ஸ் சொன்ன ஒரு நாள் பட்ஜெட் மொத்தமும் ஒரே டிக்கெட்டில் காலி!

'அதென்ன நமக்கு மட்டும் ஜாஸ்தி?' என்று கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் நமக்கு டிக்கெட் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். பதினைந்து மடங்கு! பல வருடங்களாக நாம் செய்துவருவதை லூவ்ர் இப்போது செய்ய ஆரம்பித்திருக்கிறது. உள்ளூர்க்காரர் வரி கட்டிப் பராமரிக்கிறார், அதனால் அவருக்குச் சலுகை என்பதுதான் இரண்டு இடத்திலும் வாதம். ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த 600 ரூபாய், பாரிஸிலிருந்து வருபவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை. நமக்கோ லூவ்ரின் 3,520 ரூபாய், பலருடைய இரண்டு மூன்று நாள் சம்பளம். விதி ஒன்றுதான், அது விழும் கனம்தான் வேறு. எனவே, 'எல்லா மியூசியத்தையும் பார்த்துடணும்' என்கிற ஆசையை விட்டுவிட்டு, எதற்குக் காசு கொடுக்கலாம் என்று தேர்வு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவுதான் ஆகும்?

பாரிஸையே எடுத்துக்கொள்வோம். தனியாகப் போகிறீர்கள், ஹாஸ்டலில் தங்குகிறீர்கள், ஐந்து நாள். ஆடம்பரம் இல்லை, பட்டினியும் இல்லை. இது நடுத்தரமான ஒரு மதிப்பீடு. சீசனுக்கு ஏற்ப கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

* படுக்கை (ஹாஸ்டலில் பலர் தங்கும் அறை, வரியுடன்): 45 யூரோ
* மூன்று வேளைச் சாப்பாடு: 30 யூரோ
* மெட்ரோ, ரயில்: 8 யூரோ
* நுழைவு டிக்கெட் (ஐந்து நாளில் லூவ்ர், ஓர்சே என இரண்டு மியூசியம்): 10 யூரோ
* காபி, டேட்டா, சில்லறைச் செலவு: 5 யூரோ
* எதிர்பாராத செலவுக்கு: 10 யூரோ

மொத்தம் 108 யூரோ. 110 ரூபாய் ரேட்டில் 11,880 ரூபாய். யூரோ 90 ரூபாயாக இருந்தபோது இதே 108 யூரோ 9,720 ரூபாய்தான். ஐந்து நாளில், ரேட் மாற்றத்தால் மட்டும் 10,800 ரூபாய் கூடுதல். உங்கள் சிக்கனம், பேரம் எதுவும் இதில் செல்லாது. ஆகவே, பழைய பயண வீடியோ பார்த்தால் அது எந்த வருடம் எடுத்தது என்பதை முதலில் பாருங்கள்.

'படுக்கையைத் தவிர மீதி 63 யூரோவா... கொஞ்சம் அதிகமா இருக்கே' என்று தோன்றலாம். பிரான்ஸ் அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஹோட்டல் புக்கிங் உள்ள பயணியிடம், ஒரு நாளைக்கு 65 யூரோ கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. புக்கிங் இல்லாவிட்டால் 120 யூரோ. ஜெர்மனியில் இந்த அளவு 45 யூரோ. விசா ஆபீஸர் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்ப்பது இந்த அளவுகோலை வைத்துத்தான். எனவே 3,000 ரூபாய் பட்ஜெட், பாரிஸ் தெருவுக்குப் போகும் முன்பே, விசா மேஜையிலேயே அடிபட்டுவிடும்.

பெரிய செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தினசரிச் செலவை எண்ணி எண்ணிக் குறைப்பார்கள். ஆனால், மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முன்பே போய்விடும்.

சென்னையிலிருந்து போய்வர ஃபிளைட் டிக்கெட், சீசனைப் பொறுத்துச் சுமார் 50,000 முதல் 80,000 ரூபாய். நடுவில் 65,000 என்று வைப்போம். ஷெங்கன் விசா கட்டணம், 2024 ஜூன் 11 முதல் 80-லிருந்து 90 யூரோவாக ஏறிவிட்டது. அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆகும். ஆக, ஒரு அடி எடுத்து வைக்கும் முன்பே 80,000 ரூபாய். ஐந்து நாள் செலவு 59,400. மொத்தம் ஏறக்குறைய 1,39,400 ரூபாய்.

இப்போது ஐந்து நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளின் உண்மையான விலை 27,880 ரூபாய். அதே பயணத்தைப் பத்து நாளாக நீட்டினால் மொத்தம் 1,98,800. ஒரு நாளுக்கு 19,880. லீவு கிடைக்குமானால், இரண்டு தடவை ஐந்தைந்து நாள் போவதைவிட ஒரே தடவை பத்து நாள் போவது லாபம். அதிலும் கூடுதல் ஐந்து நாளை பாரிஸிலேயே கழிக்காமல் புடாபெஸ்ட், க்ராகோவ், சோஃபியா போன்ற விலை குறைந்த நகரங்களுக்கு மாற்றினால், தினசரிச் செலவும் இறங்கும். 29 நாடுகளுக்கு ஒரே ஷெங்கன் விசாதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹங்கேரியிலும் போலந்திலும் யூரோ கிடையாது, சொந்த நாணயம். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை அங்கே தேய்த்தால் இன்னொரு மாற்றுக் கட்டணம் விழலாம். பல்கேரியா 2026 ஜனவரி 1 முதல் யூரோவுக்கு மாறிவிட்டது என்பதால், சோஃபியாவில் அந்தப் பிரச்னை இல்லை.

விசா... இது கேரன்டி இல்லாத டிக்கெட்!

2024-ல் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் அதிகமானோர் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். சுமார் 1.65 லட்சம் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஏறக்குறைய ஏழில் ஒன்று. நிராகரித்தால் கட்டணம் திரும்ப வராது. எனவே, விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் ஹோட்டலையே புக் செய்யுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள்வரை இழுக்காதீர்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். விண்ணப்பிக்கும் வாரத்தில் மாமாவிடம் இரண்டு லட்சம் கைமாற்றாக வாங்கி அக்கவுன்ட்டில் போட்டால், ஆபீஸர் அசந்துவிட மாட்டார். மாதா மாதம் சம்பளம் வந்து, அதில் கொஞ்சம் மிச்சமாகி, மெதுவாக வளர்ந்த பேலன்ஸ்தான் அவர்களுக்கு நம்பிக்கை தரும். அதாவது, உங்கள் சேமிப்புப் பழக்கம்தான் உங்கள் விசாவுக்கான சாட்சி.

தினசரிச் செலவைக் குறைக்க இதோ சில வழிகள்!

*திங்கள்கிழமை போய் இறங்குங்கள்:* பாரிஸில் 'நவிகோ' வாராந்தர பாஸ், திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். 2025-ல் விலை 31.60 யூரோ, போட்டோ ஒட்டிய கார்டுக்கு 5 யூரோ. இதில் விமான நிலைய ரயிலும் அடக்கம். தனித்தனியாக வாங்கினால் விமான நிலையம் போய்வர 26 யூரோ, நாளுக்கு நான்கு முறை மெட்ரோ ஏறினால் (2.50 வீதம்) ஐந்து நாளுக்கு 50 யூரோ. மொத்தம் 76. பாஸ் என்றால் 36.60. மிச்சம் 39.40 யூரோ, அதாவது 4,300 ரூபாய்க்கு மேல்! வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் இந்த லாபம் கிடையாது. விலை ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு டீ விலைக்குள் போய்வந்து பழகிய நமக்கு, மெட்ரோவுக்கு 275 ரூபாய் என்பது முதல் நாள் நெஞ்சை அடைக்கும்தான். பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசமாக வேண்டும் என்றால் லக்ஸம்பர்க் போங்கள். 2020 முதல் அங்கே யாருக்கும் டிக்கெட் கிடையாது, சுற்றுலாப் பயணிகளுக்கும்தான்.

*தண்ணீர் வாங்காதீர்கள்:* பாரிஸ், ரோம் தெருக் குழாய்களில் வருவது குடிநீர்தான். பாட்டில் கையில் இருந்தால் போதும். பிரான்ஸில் சாப்பிட உட்காரும் ஹோட்டல்களில் 'கராஃப் தோ' என்று கேட்டால் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசம்.

*ஒரு வேளை மட்டும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்:* காலையில் பேக்கரி, மதியம் ஒரு நல்ல சாப்பாடு, இரவு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி ஹாஸ்டல் கிச்சனில் சமையல். ஐந்தாம் நாள் நாக்கு செத்துப்போனால் 'கார் து நோர்' ஸ்டேஷன் பக்கம் நடங்கள். அங்கிருக்கும் ஈழத் தமிழர்கள் 'லாச்சப்பல்' என்று அழைக்கும் பகுதி அது. தமிழ்ப் பலகை மாட்டிய மளிகைக் கடைகள், கொத்து ரொட்டி, தோசை எல்லாம் உண்டு. சுற்றுலாத் தலங்களைச் சுற்றியுள்ள விலையைவிடக் குறைவு. ஆகஸ்ட் கடைசி வாக்கில் போனால், மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழாவில் சாலையில் தேங்காய் உடைப்பதையும் பார்க்கலாம். டிக்கெட்டே கிடையாது.

*இலவசங்களைக் குறித்து வையுங்கள்:* 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாம் தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. 'பெத்தி பாலே', 'கார்னவாலே' மியூசியங்களின் நிரந்தரக் காட்சிகள் இலவசம். ஓர்சே மியூசியம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஈஃபிள் டவரில் ஏறத்தான் காசு, பார்க்க இல்லை.

*கார்டில் ஏமாறாதீர்கள்:* பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவிகிதமும், அதன்மேல் ஜி.எஸ்.டி-யும் எடுக்கும். 59,400 ரூபாய் செலவுக்கு 2,450 ரூபாய் வரை போகும். கட்டணம் இல்லாத அல்லது குறைந்த கார்டைத் தேடுங்கள். கடைக்காரர் மெஷினில் 'ரூபாயா, யூரோவா?' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யூரோ என்று அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் ரேட். ஈஃபிள் டவர், கேலரி லஃபாயெத் போன்ற சில இடங்களில் நம்ம யு.பி.ஐ ஓடுகிறது. அதை நம்பிக் கார்டு இல்லாமல் போய்விடாதீர்கள்.

பேக்கேஜா, நாமே பிளான் பண்ணுவதா?

சுற்றுலா பேக்கேஜ் வாங்கினால் முன்பு 5 சதவிகிதம், 10 லட்சத்துக்கு மேல் 20 சதவிகிதம் என டி.சி.எஸ் பிடித்தார்கள். 2026 மத்திய பட்ஜெட்டில் இதை எல்லாத் தொகைக்கும் 2 சதவிகிதமாகக் குறைத்துவிட்டார்கள். நீங்களே டிக்கெட், ஹோட்டல் போட்டு, ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ் கிடையாது. பிடித்த டி.சி.எஸ், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் சரிக்கட்டப்படும். தாக்கல் செய்யாவிட்டால் போனது போனதுதான். ஆகவே, வரி கட்டும் அளவு சம்பளம் இல்லை என்றாலும், அந்த வருடம் கணக்கு தாக்கல் செய்துவிடுங்கள்.

'இப்போ போ, அப்புறம் கட்டு' - போகலாமா?

கடைசியாக, ஆனால் முக்கியமாக ஒரு கேள்வி. கையில் பணம் இல்லை. ஆப்பில் லோன் ரெடியாக இருக்கிறது. 1.4 லட்சம் ரூபாயை 16 சதவிகித வட்டியில், 12 மாதத்தில் கட்டுவதாக வாங்கினால் மாத இ.எம்.ஐ சுமார் 12,700 ரூபாய். மொத்த வட்டி 12,400. பாரிஸின் ஒரு நாள் பட்ஜெட்டைவிட அதிகம்! இ.எம்.ஐ குறையட்டும் என்று 24 மாதமாக்கினால் வட்டி 24,500-ஐ நெருங்கும். அதாவது, இரண்டு நாள் பாரிஸை வட்டிக்குக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். மாதம் 35,000 சம்பளம் வாங்கும் ஒருவர் ரூம் வாடகை, வீட்டுக்கு அனுப்புவது போக 12,700 கட்டினால், நடுவில் வேலை போனாலோ, வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ தாங்குவாரா? சுற்றுலாக் கடனை அடைக்க நகைக் கடன் வாங்கும் நிலை வரக் கூடாது.

அதே ஆள் மாதம் 10,000 ரூபாயைத் தனி அக்கவுன்ட்டில் போட்டால் 14 மாதத்தில் 1.4 லட்சம் தயார். வட்டி கட்ட வேண்டாம். மேலே சொன்ன, மெதுவாக வளர்ந்த பேங்க் பேலன்ஸும் விசாவுக்குத் தானாக ரெடி. மாதம் 10,000 முடியாது என்றால் 7,000 போடுங்கள், 20 மாதம் ஆகும். லூவ்ர் எங்கேயும் ஓடிவிடாது.

எனவே, இன்று ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். போனில் ஒரு நோட் திறந்து மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் கிளம்பும் முன் ஆகும் செலவு: ஃபிளைட், விசா, காப்பீடு. இரண்டாவது வரியில், நீங்கள் போக நினைக்கும் நகரத்தின் ஒரு நாள் செலவு யூரோவில். அதை நாள்களால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிய ரேட்டில் ரூபாயாக்குங்கள். மூன்றாவது வரியில் உங்களால் மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதால் வகுத்தால் வரும் மாதக் கணக்குதான் உங்கள் பயணத் தேதி. அதை ரீல்ஸ் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பாஸ்புக் முடிவு செய்யட்டும்!